முதல் ஆளாக ஓடி வருகிறவன்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள். வாங்கி வந்த அந்தப் பெண் காவலருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். சட்டையில் யுவஸ்ரீ என்று பெயர் பார்த்தேன். ஷூ புதிது போலிருக்கிறது. புது ஷூவின் அடிப்பாகம் கொஞ்ச நாளைக்கு வழுக்கும். உங்கள் வாசற்படியோ வழவழப்பான கல். பார்த்து நடக்கச் சொல்லுங்கள். யாரைப் பார்த்தாலும் இவர் எங்கே விழுவார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அப்படியே பழகிவிட்டது.

என் பெயர் சிங்காரவேல். பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறேன். கொலுப் பொம்மை, அகல்விளக்கு, யானை உண்டியல். பேட்டையில் சிங்காரவேல் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. 'நூத்தியெட்டு மொதலாளி' என்று கேளுங்கள், வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். யாருக்கு எங்கே அடிபட்டாலும் ஆம்புலன்சுக்கு முன்னால் நான் போய் நின்றுவிடுவேன். அதனால் வந்த பெயர். வைத்தது தமிழ்மணி. அவனைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றரை மாதத்துக்கு முன்னால் என் பட்டறைப் பரணிலிருந்து விழுந்து இறந்துபோனவன். தவறி விழுந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். அவன் தவறி விழவில்லை. விழ வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும். அவனை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வந்தேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். நான் பயந்த சுபாவம் உள்ளவன். நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன்.

எங்கள் தொழிலைச் சொன்னால் அவனைப் புரிந்துகொள்வது சுலபம். பொம்மையின் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். ஒன்றில் முகம், மற்றதில் முதுகு. பிளாஸ்டரில் செய்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டி, கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றுவோம். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிடும். மண் சுவரோடு ஒட்டித் தோல்போலப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மிச்சமுள்ள கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவோம். முருகனானாலும் செட்டியார் பொம்மையானாலும் உள்ளே ஒன்றும் கிடையாது. காற்று போவதற்கு அடியில் ஓர் ஓட்டை விட வேண்டும். ஓட்டை அடைபட்டால் பொம்மை சூளையில் வெடிக்கும். வெடிப்பது மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற நல்ல பொம்மைகளையும் உடைத்துவிட்டுப் போகும்.

பிளாஸ்டர் மண்ணின் ஈரத்தை மட்டும் குடிப்பதில்லை. கையின் ஈரத்தையும் குடிக்கும். என் கைகளைப் பாருங்கள், கோடை ஏரிபோல வெடித்திருக்கின்றன. அவன் வருவதற்கு முன்னால் இந்தக் கை இன்னும் காயும். உள்ளங்கையில் சாம்பல் பூத்துவிடும். அதுதான் எனக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு. சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொன்னீர்கள். இந்த எண்ணெய்ப் புட்டியை மட்டும் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டது அதற்காகத்தான். பெரிய மனதோடு சரி என்றீர்கள்.

என் மனைவி சிந்தாமணி ஆறு வருடம் படுக்கையில் இருந்தாள். குளிப்பாட்டுவது, தலை சீவுவது, ஊட்டுவது எல்லாம் நானே. பழமலைநாதர் கோயில் வாசலில் பார்க்கிற பெண்கள், "இவர மாதிரி ஒரு மனுசன் உண்டா" என்று என் காதுபடப் பேசுவார்கள். அந்தச் சொல் எனக்கு நல்ல உணவுபோல இருந்தது. நடுவில் ஒரு மாதம் அவள் தேறி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடந்தாள். அந்த மாதம் எனக்குச் சரியாக நினைவில்லை. பிறகு மறுபடி படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் போன பிறகு சாயங்காலங்களில் என் கைகளுக்கு வேலையில்லை.

கொஞ்சம் கை கழுவிவிட்டு வரட்டுமா ஐயா? குழாய் வாசலுக்கு வெளியே இருப்பதைப் பார்த்தேன். துணைக்கு ஆள் வேண்டாம்.

நன்றி. என்னைத் தனியாக அனுப்பினீர்கள். ஓடிவிடுவேன் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்கும் என்னைப் பற்றி அப்படித் தோன்றாது.

முதலில் பாவாடை. பேட்டைக்குள் டி.வி.எஸ். வண்டியில் டீ கேன் கட்டிக்கொண்டு வருவாரே, அவர். சிந்தாமணி இறந்துபோன வருடம், ரயில்வே கேட்டுக்குப் போகிற இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விழுந்தார். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். தூக்கி, ஆட்டோ பிடித்து, பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, தோள் எலும்பு கூடும்வரை தினமும் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். பாவாடை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் நான் வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தேன், என் நகக்கண்ணில் வண்டி மசி இருந்தது. எனக்குப் பாவாடைமேல் கோபமே கிடையாது. அவருடைய வண்டியை நான் எதற்குத் தொட வேண்டும்? அப்போதுதான் எனக்கு முதன்முதலில் பயம் வந்தது. என் கையை எடுத்துக்கொண்டு யாரோ போய்விட்டு வருகிறார்கள்.

அடுத்தது கமலம். என் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். தனிக்கட்டை. அவளுடைய கூரை வீடு ஒரு மத்தியானம் பற்றிக்கொண்டது. அவள் என் பட்டறையில் இருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். பாத்திரம், புடவை, பாய் எல்லாம் வாங்கிக் கொடுத்து, ஓடு போட்டுத் தரும்வரை என் வீட்டு முன்னறையைக் கொடுத்தேன். "நீங்க மனுசன் இல்ல மொதலாளி, சாமி" என்றாள். அன்றும் முதலில் கைதான் காய்ந்திருந்தது.

நான் கெட்டவனில்லை ஐயா. அவன் செய்த ஒவ்வொன்றையும் நான் இரண்டு மடங்காக ஈடுசெய்திருக்கிறேன். பாவாடை இப்போது புது வண்டியில் வருகிறார். கமலம் ஓட்டு வீட்டில் இருக்கிறாள். கணக்குப் பார்த்தால் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

தமிழ்மணி மட்டும் வேறு மாதிரி ஆள். அச்சு கட்டுவதிலிருந்து சூளை அடுக்குவதுவரை அவன்தான். சிரித்துக்கொண்டே இருப்பான். ஆனால் என்னிடம் எதையும் வாங்க மாட்டான். மழையில் குடை கொடுத்தால், "ஒடம்பு உப்பா மொதலாளி, கரைஞ்சி போவறதுக்கு" என்பான். அவனுடைய மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய் நின்றால், "நேத்தே சரியாப் போச்சி, ஸ்கூலுக்குப் போயிருக்குது" என்று சொல்லி எனக்கு மோர் கொடுத்து அனுப்பினான். அவனுக்கு எதுவும் குறையவில்லை. குறையில்லாத ஒருவனிடம் நான் எந்தப் பக்கமாக நுழைவது?

ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தமிழ்மணி திடீரென்று, "மொதலாளி, ஒரு டவுட்டு" என்றான்.

"சொல்லு" என்றேன்.

"நாங்க வுழுந்தப்புறம் நீங்க வரீங்களா, நீங்க வந்தப்புறம் நாங்க வுழுறமா?"

கமலம் கையிலிருந்த கரண்டியாலேயே அவன் முழங்காலில் தட்டினாள். "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்ட? என் வூடு எரிஞ்சப்ப நீயா வந்து சோறு போட்ட?"

"நான் வர்றதுக்குள்ளதான் இவுரு வந்துட்டாரே அக்கா. இவுரு இருக்கிற ஊர்ல நமக்கெல்லாம் புண்ணியமே கெடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டாகச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். தட்டில் பிசைந்த சோறு என் விரல்களில் ஒட்டி அப்படியே காய்ந்துபோயிருந்தது.

பட்டறையில் பழைய அச்சுகளைப் பரணில் அடுக்கியிருப்போம். ஏணியிலிருந்து பரணுக்குப் போகிற நடைபலகையை, விழுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் தமிழ்மணியே புதிதாக ஆணி அடித்துப் பொருத்தியிருந்தான். நவராத்திரி ஆர்டருக்காக அவன் மேலே ஏற வேண்டியிருந்தது. கமலமும் மற்றவர்களும் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். பலகை கவிழ்ந்து, தமிழ்மணி கீழே அடுக்கியிருந்த அச்சுகள்மேல் விழுந்தான். ஆணிகளை அவன் முந்தின நாளே பிடுங்கியிருந்தான். தமிழ்மணியைச் சொல்லவில்லை, அந்த மற்றவனைச் சொல்கிறேன். அவன் நினைத்தது கால் முறிவுதான். ஒரு மாதம் படுத்திருப்பான், கஞ்சி கொண்டுபோகலாம், தலைமாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம், அவன் மனைவி கயல்விழி வாசல்வரை வந்து வழியனுப்புவாள். அவ்வளவுதான் திட்டம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

பாடை தூக்கியவர்களில் முன்பக்கத்துத் தோள் என்னுடையது.

கயல்விழி கருமாதி முடிந்த மறுநாள் பட்டறைக்கு வந்தாள். அழவில்லை. பலகையைக் காட்டச் சொன்னாள். உட்கார்ந்து ஆணி இருந்த துளைகளில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அவுரு அடிச்ச ஆணி தானா கழலாதுங்க மொதலாளி. எங்க வூட்டுக் கதவுக்கு அவுரு அடிச்ச ஆணிய புடுங்க முடியாம கதவயே மாத்துனோம்."

"போலீஸ்ல சொல்லிப் பாக்கட்டுமா?"

"அவங்க எழுதி முடிச்சிட்டாங்க. நான் கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டணும்."

உங்களுக்கு வேறு ஊராக இருக்கலாம், அதனால் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் எங்கள் பக்கத்து நீதிபதி. திருட்டுப் போனவர்கள், ஏமாந்தவர்கள், பங்காளியிடம் அடிபட்டவர்கள் எல்லாம் அவரிடம் பிராது கொடுப்பார்கள். கோயிலுக்கு வீடு எத்தனை தூரம் என்று கேட்டு அதற்கேற்பக் கட்டணம்கூட உண்டு. சாமி காலடியில் வைத்துத் தருகிற பிராதைத் திருநீற்றோடு பொட்டலமாக மடித்து முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். வந்த பிறகு கட்டியவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். வேறு யாரும் வாங்க முடியாது.

"ஆனா எங்க வூட்ல ஒரு வருசம் கோயில் படி மிதிக்கக் கூடாதுன்றாங்க. தீட்டாம்" என்றாள் கயல்விழி. "அதுக்குள்ள ஆணிய புடுங்கனவன் எங்க இருப்பானோ?"

அவள் கேட்கவேயில்லை ஐயா. கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது. "நான் போய் கட்டறேம்மா. என் பேர்ல கட்டறேன். நீ கவலப்படாத."

வாழ்க்கை முழுவதும் எனக்கு வருகிற அதே வார்த்தைதான் வந்தது. ஒருவர் ஒரு பாரத்தைத் தூக்க முடியாமல் நின்றால் என் கை தானாக நீளும். அன்றைக்கே குளித்து, வேட்டி மாற்றி, மணவாளநல்லூர் போனேன். பிராதுதாரர் சிங்காரவேல், பூதாமூர். எதிரி, பெயர் தெரியாத ஒருவன். தமிழ்மணி சாவுக்குக் காரணமான அவனை மூன்று மாதத்துக்குள் காட்டிக்கொடுத்துத் தண்டிக்க வேண்டும். எழுதும்போது எனக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. முனியப்பர் வேலில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் என் விரல்களைப் பார்த்தேன். ஆணி பிடுங்கிய விரல்கள். முடிச்சை அவிழ்க்கப் போனேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், "கட்டுனத தொடக்கூடாதுங்க" என்றாள்.

எனக்குக் கண்ணுள்ள சாமிகளிடம் பயம் வந்ததில்லை. ஆயிரக்கணக்கான முருகனுக்கும் அம்மனுக்கும் என் பட்டறையில் கண் வைத்திருக்கிறோம். தூரிகை இல்லாவிட்டால் அவர்களுக்குப் பார்வையில்லை. கொளஞ்சியப்பருக்கு முகம் கிடையாது. வெறும் கல். கண்ணே இல்லாதவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கே திரும்பினாலும் அவர் முன்னால்தான் நிற்கிறேன் என்று தோன்றியது. வேலில் கட்டிய பொட்டலங்கள் காற்றில் உரசுகிற சத்தம் பட்டறைவரை என்னோடு வந்தது. களிமண் கூழ் அச்சில் இறங்குகிற சத்தத்திலும் அது கேட்டது.

இரண்டாவது மாதம் அது நடந்தது. நவராத்திரிச் சரக்கு முழுவதும் ஒரே சூளையில் ஏற்றியிருந்தோம். ஆறியபிறகு திறந்தால் தட்டு தட்டாக ஓடுதான் கிடந்தது. தசாவதாரம், அஷ்டலட்சுமி, எல்லாம் சில்லு சில்லாகக் கிடந்தன. கமலம் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தவள் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மொதலாளி, இதுல ஓட்டைய யாரோ அடைச்சிருக்காங்க. பச்ச மண்ண வச்சி அமுக்கி அடைச்சிருக்குது."

இன்னொரு சில்லை எடுத்தாள். அதிலும் அப்படித்தான். அழுத்திய கட்டைவிரலின் தடம் சுட்ட மண்ணில் குழியாகப் பதிந்திருந்தது. கமலம் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை, குழி பெரிதாக இருந்தது. பிறகு அவள் என் கையைப் பார்த்தாள். பார்க்காதவள்போல முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பெண்ணாடத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் வாங்கிக் கொடுத்த பாத்திரங்களை என் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் அவனுக்கு மிகவும் பயந்தேன். இதற்கு முன்னால் அவன் என் கைகளை மட்டும்தான் கடன் வாங்கினான். இப்போது என் பட்டறையையே உடைக்கிறான். என்னையும் படுக்க வைத்து, யாரோ ஒருவர் வந்து எனக்குக் கஞ்சி ஊட்டும்படி செய்துவிடுவானோ என்று பயந்தேன். கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். சுத்தியல், குறடு, தீப்பெட்டி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டேன். மறுநாள் காலையில் பெட்டி திறந்திருந்தது. சாவி கிணற்றில்தான் கிடந்தது, பூட்டை உடைத்திருந்தான். என் புறங்கையில் கீறல்.

சாப்பாடு இறங்கவில்லை. இளைத்துவிட்டேன். மூன்று மாதம் முடியப் போகிறது என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் கயல்விழி பட்டறைக்கு வந்தாள். தமிழ்மணியின் தூக்குச்சட்டியும் ஒரு பழைய சட்டையும் அங்கேயே இருந்தன. அவற்றை எடுத்துப் போக வந்தாள். நான் காலி அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னாங்க மொதலாளி இது, பாதி ஆளா ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"கைய காட்டுங்க."

காட்டினேன். வெடிப்புகளில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அவள் பையிலிருந்து இந்தப் புட்டியை எடுத்தாள். தேங்காய் எண்ணெயில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சியது.

"அவுருக்குன்னு நான் காச்சி வைக்கிறது. அச்சு வேல முடிஞ்சி வந்தா ராவுல தேச்சிக்குவாரு. இப்ப கேக்க ஆளில்ல, ஆனா நேத்து எண்ணெய் காச்சும்போது கை தானா வேப்பிலைய ஒடிச்சி போட்டுடுச்சி." புட்டியை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். "நீங்க தேச்சிக்குங்க. எரியும், ஆனா கேக்கும்."

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் என்னைக் காயப்படுத்திவிட்டு மருந்து கொண்டுவரவில்லை. கை வெடித்திருப்பதைப் பார்த்தாள், கையில் எண்ணெய் இருந்தது, கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அப்படியும் ஒன்று இந்த உலகத்தில் நடக்கிறது என்று ஐம்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன் ஐயா. யாரையும் முதலில் கீழே தள்ளாமலே இன்னொருவருக்குக் கை கொடுக்க முடிகிறது. தமிழ்மணி எனக்கு மோர் கொடுத்தானே, அதுவும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது கசந்தது.

போகும்போது வாசலில் திரும்பிச் சொன்னாள். "பிராத வாபஸ் வாங்கிடுங்க மொதலாளி. எனக்காக அத கட்டிட்டுத்தான் நீங்க இப்படி உருகுறீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. போனவரு போயிட்டாரு. உங்களுக்கும் ஒண்ணு ஆயிடுச்சின்னா அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய் கழுவுறது? செஞ்சவன் எவனோ, சாமி பாத்துக்கட்டும். போயிட்டு வரேன்."

புருஷனைக் கொன்றவனைத் தேடுவதையே எனக்காக விட்டுவிட்டாள். நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த அளவுக்கு யாருக்கும் கொடுத்ததில்லை.

இன்று மூன்று மாதம் முடிகிறது. காலையில் மணவாளநல்லூர் போனேன். வாபஸ் என்றதும் அலுவலகத்தில் இருந்தவர் எல்லோரையும் கேட்பதுபோல என்னையும் கேட்டார். "கொற தீந்துபோச்சிங்களா? ஆளு தெரிஞ்சிதா?" நல்ல மனிதர், சிரித்த முகம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சன்னதி திறந்திருந்தது. அந்தக் கல் அங்கே இருந்தது. "தெரிஞ்சிது" என்றேன். "அப்ப கொளஞ்சியப்பரு கணக்க முடிச்சிட்டாரு. சந்தோசமா போயிட்டு வாங்க" என்றார். வெளியே வந்து ஆட்டோ ஏறி, டவுன் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இன்று உங்களிடம் ஒரே ஒரு பொய் சொன்னேன். நான் போனபோது தமிழ்மணிக்கு உயிர் இருந்தது.

கண் திறந்திருந்தது. தலைக்கடியில் பிளாஸ்டர் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. நான் அவன் தலையை மடியில் எடுத்து வைத்தேன். அவன் என்னைப் பார்த்து, "முன்னாடியே ஏணிகிட்ட நின்னீங்களே மொதலாளி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு டவுட்டு கேட்பதுபோல அதே குரலில்தான் சொன்னான். பிறகு, "போன் பண்ணுங்க" என்றான். முதன்முதலாக என்னிடம் ஓர் உதவி கேட்டான். போன் என் சட்டைப்பையில் இருந்தது. நான் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். கையை நனைத்து உதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கை கழுவப் போனவர்கள் வெளியே சிரித்துப் பேசுவது கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். அவன் கண்ணில் இருந்த ஒளி அணையும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் கத்தினேன். முதல் ஆளாக.

ஆணியைப் பிடுங்கியது அவன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் அவன்தானா என்று நேற்று முழுக்க யோசித்தேன். அந்த நேரத்தில் என் கைகள் காய்ந்திருக்கவில்லை, தண்ணீரில் நனைந்திருந்தன. அதனால் அது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்மணியைச் சாக விட்டது சிங்காரவேல். கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன சத்தம் அது?

வாசலில் யாரோ விழுந்துவிட்டார்கள். யுவஸ்ரீதான். படியில். அப்படியே இரு அம்மா, அசையாதே, முழங்கையை ஊன்றாதே, நான் வருகிறேன். கையை விடுங்கள் ஐயா, எனக்கு இதில் பழக்கம் உண்டு, எலும்பு விலகியிருந்தால் தூக்கும் விதமாகத் தூக்க வேண்டும். ஏன் அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பின்னால் நகர்கிறாள்? நான் உதவி செய்யத்தான் வருகிறேன்.

படியில் ஏதோ பளபளக்கிறது. தண்ணீர்போல இல்லை.

ஏன் எல்லோரும் இந்தப் புட்டியையே பார்க்கிறீர்கள்? ஆமாம், பாதிதான் இருக்கிறது. வரும்போது நிறைய இருந்தது. நான் தேய்த்துக்கொள்ளவில்லை, பாருங்கள், கை அப்படியே காய்ந்துதான் இருக்கிறது. கயல்விழி கொடுத்த எண்ணெயை நான் கீழே ஊற்றுவேனா? கை கழுவப் போனபோது அவன் என்னோடு வந்திருக்கிறான். இப்போது போய்விட்டான்.

பயப்படாதீர்கள் ஐயா. அந்தப் பெண்ணிடமும் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போது இங்கே இருப்பது நான் மட்டும்தான்.